குப்பைக்கீரையும் சாத்திய கதவும்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் இன்னும் காலி மனையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. ஏதோ பங்காளித் தகராறாம். ஐப்பசி மழை இரண்டு பெய்தால் போதும், அந்த மனை இடுப்பளவுக்குப் பச்சையாகிவிடும். என் கண்ணுக்கு அது கொசு உற்பத்தி நிலையம். பாட்டிக்கு அது காய்கறிக் கடை. மூக்கிரட்டை, குப்பைக்கீரை, சாரணை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை என்று பேர் சொல்லிக்கொண்டே முந்தானையில் பறித்துப் போட்டுக்கொண்டு வருவார்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. "அத்தை, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? கடையில கீரை வாங்கக்கூட வக்கில்லைன்னு பேசுவாங்க" என்பார். பாட்டி பதில் சொல்ல மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தெருவில் ஆள் வந்தால் மடியை இழுத்து மூடிக்கொள்வார். போன வருஷம் என் காலேஜ் நண்பர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தபோது பாட்டி அந்த மனையில் குனிந்து நின்றிருந்தார். நான் அவர்களை அந்தப் பக்கம் திரும்பவிடாமல் நேராக வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவே அந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான்.

பி.காம். படிக்கிறவனுக்கு முதல் இரண்டு வருஷம் தமிழ்ப் பேப்பர் உண்டு. அதற்காக நோட்ஸில் மனப்பாடம் செய்த பெயர்களில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. 269 அடி, எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும், எழுதியாயிற்று, வாங்கியாயிற்று. பரீட்சை முடிந்து ரொம்ப நாள் கழித்து, உரையோடு முழுசாகப் படித்தபோதுதான் நடுவில் ஒரு காட்சியில் மாட்டிக்கொண்டேன்.

பரிசில் வாங்கி வந்த பாணன், வழியில் பார்க்கும் இன்னொரு பாணனிடம் தன் வீட்டின் பழைய நிலைமையைச் சொல்கிறான். சமையலறையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பால் இல்லாத மடியை அவை இழுக்க, வலி தாங்காமல் தாய் நாய் கத்துகிறது. சுவர் இடிந்து காளான் பூத்துக் கிடக்கிறது. பசியில் இடை ஒடுங்கிப்போன வீட்டுக்காரி வெளியே போய்க் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்க வழியில்லை, உப்பில்லாமலே வேக வைக்கிறாள். அடுத்து செய்கிற காரியம்தான் முக்கியம். மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். அப்புறம் சுற்றம் மொத்தமும் கூடி உட்கார்ந்து அந்தக் கீரையைச் சாப்பிடுகிறது.

பாட்டி மடியை மூடிய மாதிரியேதான்.

இன்னொரு விஷயம். இடைக்கழிநாடு எங்கோ தூரத்து ஊர் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர் வட்டத்தில் இன்றைக்கும் அதே பெயரில் பேரூராட்சியாக இருக்கிறது. நம்ம செங்கல்பட்டு மாவட்டம்தான். நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் என்பது மரக்காணம் பக்கம் என்கிறார்கள், கிடங்கில் திண்டிவனத்தில் இருக்கிறது. தாம்பரத்தில் பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய நிலப்பரப்பு. அந்தக் கதவு சாத்தப்பட்டது நம்ம ஊர்ப்பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேளை என்பது என்ன செடி? வெள்ளைப் பூ பூக்கிற நல்வேளை (தைவேளை என்றும் சொல்வார்கள்) என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. மஞ்சள் பூ பூப்பது நாய்வேளை, அது வேறு. இரண்டுமே ரயில்வே லைன் ஓரத்தில் சாதாரணமாகக் கிடைக்கும். ஐந்து விரல் மாதிரி விரிந்த இலை, கசக்கினால் ஒரு நெடி, கொஞ்சம் கசப்பு.

இதே வேளை புறநானூற்றிலும் வருகிறது. 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவனின் சிதையில் ஏறப்போகிறவள், தடுக்கிற சான்றோர்களிடம் கோபமாகப் பேசுகிறாள். நீர் பிழிந்த சோறு, எள் துவையல், புளி போட்டு வேகவைத்த வேளை இலை, இவற்றைத் தின்றுகொண்டு பாய் கூட இல்லாமல் படுத்திருக்கும் கைம்பெண் நான் இல்லை என்கிறாள். அங்கே வேளை விதவையின் சாப்பாடு. 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் குடும்பக் கதையைச் சொல்கிறார். இடுப்பில் குழந்தையோடு இருக்கும் மனைவி, முன்பே கிள்ளிய குப்பைக்கீரைச் செடியில் திரும்பத் துளிர்த்த கொழுந்தை மறுபடி கிள்ளிக்கொண்டு வந்து, உப்பும் மோரும் இல்லாமல் வேகவைத்துத் தின்கிறாள். அரிசிச் சோறு என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. கிள்ளிய இடத்தில் திரும்பத் துளிர்ப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார் பாருங்கள், கீரை பறித்துப் பழகிய வீட்டில் இருந்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

இதையெல்லாம் படித்தால் குப்பையில் முளைத்த கீரை என்றாலே வறுமை, துக்கம், அவமானம் என்று முடிவுகட்டத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே புறநானூற்றின் 215-ஆம் பாட்டு இந்த முடிவைக் கலைத்துவிட்டது. வடக்கிருக்கும் கோப்பெருஞ்சோழன், தன் நண்பன் பிசிராந்தையாரின் நாட்டைப் பற்றிச் சொல்கிறான். அங்கே எருப்படிந்த தெருவில் வேளை பூத்துக் கிடக்கிறது. இடைப்பெண் ஒருத்தி அந்த வெள்ளைப் பூவைத் தயிரில் போட்டுப் புளிப்பாகக் கூழ் மாதிரி சமைக்கிறாள். வரகுச் சோற்றோடு சேர்த்து, அவரைக்காய் பறிக்கிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். அதே செடி, அதே குப்பை. ஆனால் இங்கே கதவு எதுவும் சாத்தப்படவில்லை. ஒரு அரசன் தன் நண்பனின் ஊர் எவ்வளவு நல்ல ஊர் என்பதற்கு அடையாளமாக அந்தச் சாப்பாட்டைச் சொல்கிறான்.

அப்படியானால் வெட்கம் கீரையில் இல்லை. உப்பு இல்லாததில் இருக்கிறது, மோர் இல்லாததில் இருக்கிறது. தயிர் இருக்கிற வீட்டில் அது பலகாரம், உப்பு இல்லாத வீட்டில் அது பஞ்சம். நமக்குப் பின்னால் இரண்டும் கலந்துபோய், செடிக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தயிர் விஷயத்தில் ஒரு ஆச்சரியம். நல்வேளை ஆப்பிரிக்காவிலும் உண்டு. கென்யாவில் முக்கியமான கீரைகளில் ஒன்று, சாகா என்று சொல்வார்கள். கசப்பு போக அவர்களும் பாலிலோ புளித்த பாலிலோ சமைக்கிறார்கள்! அங்கேயும் இது ரொம்ப காலம் ஏழைகளின் கீரை, களை என்றுதான் ஒதுக்கப்பட்டிருந்தது. மேரி அபுகுட்சா ஓன்யாங்கோ என்ற தோட்டக்கலைப் பேராசிரியை 1990-களிலிருந்து இந்த நாட்டுக் கீரைகளை ஆராய்ச்சி செய்து, விதை, சாகுபடி, சத்து என்று எழுதி எழுதி, இன்று நைரோபி சூப்பர் மார்க்கெட்டுகளில் அவை விற்பனைக்கு வருகிற அளவுக்கு நிலைமை மாறிவிட்டது. நம் ஊரில் நல்வேளையைக் கடையில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

மறுபடி நம்ம ஏரியாவுக்கு வருவோம். பல்லாவரத்திலிருந்து அனகாபுத்தூர் வழியாக பஸ்ஸில் போனால் குன்றத்தூர். சேக்கிழாரின் ஊர். 12-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பெரிய புராணத்தில் கணமங்கலத்து அரிவாட்டாய நாயனார் கதை வருகிறது. தினமும் சிவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைக்கிறவர். சொத்தெல்லாம் போய்க் கூலிக்கு அறுவடைக்குப் போகிறார். கூலியாகக் கிடைத்த செந்நெல் கடவுளுக்கு, கார்நெல் தனக்கு. கடைசியில் எல்லா வயலும் செந்நெல்லாக விளைந்துவிட, கூலி மொத்தமும் கடவுளுக்கே போகிறது. அப்போது அவர் மனைவி வீட்டுக் கொல்லையில் இருக்கிற கீரையைப் பறித்துச் சமைத்துப் போடுகிறார். கீரையும் தீர்ந்தபின் தண்ணீர்தான். இந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது, ஒரே வீட்டிலிருந்து ஒரு கீரை கோயிலுக்கும் இன்னொரு கீரை பட்டினி கிடக்கிற வயிற்றுக்கும் போவது. நாயனார் பேர் நமக்குத் தெரியும். கொல்லையில் எதைப் பறிக்கலாம் என்று தெரிந்திருந்த அந்த அம்மாளின் பேர் தெரியாது.

இலக்கியம் போதும். உண்மையான பஞ்சத்துக்கு வருகிறேன்.

1876-78 பஞ்சத்தை நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். 1876-ல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் சேர்த்து 55 லட்சம் பேர் செத்தார்கள் என்பது குறைவான மதிப்பீடுகளில் ஒன்று. வைஸ்ராய் லிட்டன் செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், மேலே கொஞ்சம் சில்லறைக் காசு, இது போதும் என்றார் டெம்பிள். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ், மண் வெட்டுகிற உடம்புக்கு இது காணாது என்று சண்டை போட்டார். சேப்பாக்கத்திலிருந்து அடையாறு பக்கம் வரை பறக்கும் ரயில் தூண்கள் நிற்கிற கால்வாய் இருக்கிறதே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்த 8 கிலோமீட்டர், இந்தப் பஞ்ச நிவாரண வேலையில் 1877-78-ல் வெட்டியது. அப்போதைய கவர்னர் பேரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது.

அந்தச் சில்லறைக் காசில் என்ன வாங்க முடியும்? பருப்பும் காயும் எட்டாத விலை. அப்போது ஜனங்கள் வயிற்றில் தானியத்தோடு வேறு என்ன போயிற்று என்று பார்த்த ஒருவர் டாக்டர் ஜான் ஷார்ட். ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா சர்ஜனாக இருந்தவர், பிறகு மாகாணத்தின் அம்மை குத்தும் துறைக்குத் தலைவரானவர். பஞ்ச காலத்தில் மக்கள் உணவாகத் தின்கிற காட்டுச் செடிகள், காய்கறிகள் பற்றி ஒரு பட்டியல் தயாரித்தார். அது 1877-78 வாக்கில் இந்தியன் ஃபாரஸ்டர் என்ற பத்திரிகையில் வந்தது. சர்க்கார் தானியத்தை பவுண்டு கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தபோது, கணக்கில் வராத இன்னொரு சாப்பாடு இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்தார். அந்தப் பட்டியலுக்கு விஷயம் எங்கிருந்து வந்திருக்கும்? மாட்டுக்காரர்கள், களை எடுக்கிற பெண்கள், இருளர்கள், இவர்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? பட்டியலில் இருப்பது டாக்டர் பேர்.

அடுத்த திருப்பம் குன்னூரில். மெக்கரிசன் ஆரம்பித்த சத்துணவு ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் இருந்தது (1958-ல்தான் ஐதராபாத்துக்குப் போனது). அதன் இயக்குநர் அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பு பற்றி ஒரு சுகாதார வெளியீடு கொண்டுவந்தார். ஏழைகளின் சாப்பாட்டில் அரிசி மட்டுமே இருப்பதுதான் கோளாறு, கீரை சேருங்கள் என்பது அதன் சாரங்களில் ஒன்று. அதற்கு முன்பே, 1935-ல், காந்தி வார்தாவில் பச்சை இலைகளைத் தானே தின்று பார்த்து, அவற்றின் உணவு மதிப்பு பற்றி ஹரிஜன் இதழில் எழுதியிருந்தார். கீரைக்கு இரும்புச் சத்து, வைட்டமின் என்ற மரியாதை வந்தது இப்படித்தான். ஆனால் அந்த மரியாதை கட்டுக் கட்டி விற்கிற கீரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை கௌரவம் பெற்றன. சிறுகீரைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிற குப்பைக்கீரை குப்பையிலேயே நின்றுவிட்டது.

காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு சின்ன இடைச்செருகல். ஐ.நா.வின் 1993 தேசியக் கணக்கு முறைப்படி, சொந்த உபயோகத்துக்குக் காட்டில் மேட்டில் பறிக்கிற விளையாத பயிரும் உற்பத்திதான், கணக்கில் சேர்க்க வேண்டும். விதி இருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டியின் மடியை எந்தப் புள்ளிவிவர அதிகாரி எண்ணப் போகிறார்? அதே மூக்கிரட்டையைக் காய வைத்துப் பொடி செய்து டப்பாவில் அடைத்து பில் போட்டால் உடனே ஜிடிபி :-)

நான் சும்மா சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தார்கள். அந்தப் பக்கம் நடந்து போனால் மூக்கிரட்டைப் பொடி, முடக்கத்தான் பொடி, கரிசலாங்கண்ணிப் பொடி என்று கடைகளில் வரிசையாக இருக்கும். வாங்குகிறவர்கள் யாரும் டப்பாவை மூடி மறைத்துக்கொண்டு போவதில்லை. டப்பாவில் இருப்பதில் பாதி, போகிற வழியில் பிளாட்பாரத்தின் விரிசலில் முளைத்திருக்கிறது. மருந்து என்று பேர் வைத்தால் வெட்கம் போய்விடுகிறது, சாப்பாடு என்றால்தான் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. (பாட்டி மூக்கிரட்டையை மருந்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, அவ்வளவுதான்.)

இந்த அறிவு தொலைவதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. இடமும் போய்விட்டது. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்ததிலிருந்து ஊர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்த்து மாநகராட்சியே ஆகிவிட்டது. ஏரிக்கரை, வரப்பு, மேய்க்கால், புறம்போக்கு, இவைதான் இந்தக் கீரைகளின் சொந்த ஊர். மாடு மேய்ந்த இடத்தில்தான் களை எடுத்த பெண் கீரையும் பறித்தாள். வயலில் களை எடுக்கப் போகிறவர்களுக்குக் கூலியோடு கூட வந்தது அந்த மடிக் கீரை. இப்போது வயல் இருக்கிற இடத்திலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் இதை ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். நீங்கள் களை என்று கொல்வது எங்கள் கீரை, விதைக்காமல் கிடைக்கிற உணவு என்று. நம்ம மாவட்டத்திலேயே செங்கல்பட்டு பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் 1980-களிலிருந்து சங்கம் வைத்து மூலிகை நாற்றங்கால், மருந்து தயாரிப்பு என்று இந்த அறிவைத் தங்கள் பேரிலேயே வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கத்தரிக்கோலோடு கிளம்ப வேண்டாம். சாக்கடை கலக்கிற ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணி தளதளவென்று இருக்கும், தொடாதீர்கள். கீரை மண்ணில் இருக்கிற ஈயத்தையும் உறிஞ்சும், மெயின் ரோட்டு ஓரமும் வேண்டாம். பருப்புக்கீரை மாதிரி தரையோடு படர்ந்து, கிள்ளினால் பால் வருகிற செடி பருப்புக்கீரை இல்லை. பருப்புக்கீரைக்குப் பால் வராது. கல்லடைப்பு உள்ளவர்களுக்கு இந்த வகைக் கீரைகளில் ஆக்ஸலேட் அதிகம், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சாரணையில் குருத்து மட்டும், அதுவும் கொஞ்சமாக, இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கும். இவை எல்லாமே பாட்டி ஒவ்வொரு தடவை பறிக்கும்போதும் வாயால் சொல்லிக்கொண்டே பறிப்பவை (ஈயமும் ஆக்ஸலேட்டும் மட்டும் நான் சேர்த்தது). நான்தான் காதில் வாங்கவில்லை.

இந்த வருஷம் பாட்டிக்கு மூட்டுவலி, குனிய முடியவில்லை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியை மனைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தேன். அவர் கையை நீட்டிச் சொல்ல, நான் பறித்தேன். நோட்டில் எழுதிக்கொண்ட பேர் பதினான்கு. அதில் நானாகவே அடையாளம் காட்டத் தெரிந்தது ஆறு. ஒரு செடியைத் தூக்கிக் காட்டி "இது நல்வேளையா பாட்டி?" என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பூக்கட்டும்டா, அப்புறம் சொல்றேன். வெள்ளையா மஞ்சளான்னு பாக்கணும்."

பங்காளித் தகராறு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. நேற்று மனையில் ஒரு லோடு மணல் கொட்டியிருக்கிறார்கள். செடி ஓரமாக இருப்பதால் தப்பித்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை.